ஞாயிறும் காற்றும் யாருடைமை?

(திண்டுக்கல்லில் நிகழ்ந்த தமிழ்க்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்ட மொழி தமிழ். கீழ்க்காற்றுக்குக் கொண்டல் என்றும், தென்காற்றுக்குத் தென்றல் என்றும், மேல்காற்றுக்குக் கோடை என்றும், வடகாற்றுக்கு வாடை என்றும் பெயர். இப் பெயர்கள் தூற்றுதற்குக் காற்றை நோக்கிக் களத்தில் நின்ற உழவரும், பாய் விரித்தற்கு அதனை நோக்கிக் கரையில் நின்ற பரதவரும் வழங்கிய பெயர்கள். அக் கோடைக்காற்று பாலைக்காட்டுக் கணவாயில் புகுந்து, உடுமலை, பல்லடம், தாராபுரம் வெளிகளைக் கடந்து, பழனிப் பக்கத்து நிலங்கள்மீதும் ஆனி, ஆடித் திங்கள்களில் அடித்து வீசுகின்றது. முன்னாளில் அதனால் கூரை பறந்தது. கண்ணில் புழுதி விழுந்தது. இந்நாளிலோ அக் காற்றுக்கு விலை வந்துவிட்டது. வேடசந்தூரிலும் குசிலியம்பாறையிலும் சோளத்தட்டையைக் கருக்கும் வெயிலுக்கும் விலை வந்துவிட்டது. மின்னாகி, அலகுக்கு இத்துணைக் காசென்று அது விற்கின்றது. அக் காசு யார் கைக்குப் போகின்றது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

நிலக்கரியும் கல்லெண்ணெயும் ஒருநாள் தீரும். தீருமுன்பே அவற்றின் புகை நிலவுலகைச் சுடவைத்துவிடும். ஆகவே வற்றா ஆற்றலுக்கு மாறவேண்டும் என்பதில் இன்று அறிவுடையார்க்குள் மாறுபாடில்லை. மாறும் முறையில்தான் சிக்கல்.

நடுவணரசு 2010ஆம் ஆண்டு சனவரியில் கதிரவ ஆற்றல் திட்டத்தைத் தொடங்கியபொழுது, 2022க்குள் 20,000 மெகாவாட்டு என்று இலக்கு வகுத்தது. 2015இல் அவ்விலக்கு ஐந்து மடங்காகி 1,00,000 ஆயிற்று. காற்று, உயிர்ப்பொருள், சிறுபுனல் ஆகியவற்றையும் கூட்டி 1,75,000 என்றனர். 2021இல் கிளாசுக்கோ மாநாட்டில், 2030க்குள் நிலக்கரியும் எண்ணெயும் சாராத 5,00,000 மெகாவாட்டு என்று அறிவித்தனர். நாட்டின் நிறுவுதிறனில் பாதி அவ்வாறு ஆகிவிட்டதென 2025இல் மகிழ்ச்சியும் கொண்டாடினர். மகிழத்தக்கதே. ஆயினும் நிறுவுதிறன் வேறு, விளைவு வேறு. நூறு மூட்டை கொள்ளும் குதிர் கட்டியவன் நூறு மூட்டை அறுத்தவன் ஆகான். ஒரு கிலோவாட்டுத் தகடு நாள் முழுதும் முழுத்திறனோடு இயங்கின் 24 அலகு தரவேண்டும். வெயில் தருவதோ சராசரியாக 4 அலகை ஒட்டியதே.

இவ்விலக்குகளுக்குள் ஒளிந்துகிடக்கும் ஒரு கணக்கைக் காண்க. 2015இல் வகுத்த கதிரொளி இலக்கில் 40,000 மெகாவாட்டு வீட்டுக்கூரைகளிலும் கட்டடக் கூரைகளிலும் அமையவேண்டும். எஞ்சிய 60,000 பெருநிலப் பண்ணைகளில் அமையவேண்டும். 2022 முடிந்தபொழுது பண்ணைகள் தம் இலக்கின் பெரும்பகுதியை எட்டிவிட்டன. கூரைகளோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோடு நின்றன. வெயில் பண்ணைக்கும் கூரைக்கும் ஒன்றுபோலவே காய்ந்தது. வேறுபட்டது கை. பண்ணைக்குப் பெருமுதலாளி இருந்தான். அவனுக்கு வங்கி இருந்தது. உயரலுவலர் கதவு திறந்தது. கூரைக்கு இருந்தவனோ மின்வாரியப் படிக்கட்டில் விண்ணப்பத்தோடு நின்ற குடிமகன். 2024இல் ஒரு கோடி வீடுகளுக்குக் கூரைத்தகடு என்னும் திட்டம் வந்து, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 உருபா வரை நல்கை அளிக்கப்பட்ட பின்னரே கூரைகள் சற்று அசைந்தன. ஓட்டுவீட்டானுக்கும் வாடகை வீட்டானுக்கும் அதிலும் வழி குறைவு.

தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கிய நாடன்று. 1932இலேயே பைகாரா அருவியினின்று மின்னெடுத்த நாடு இது. 1986இல் தூத்துக்குடிப் பக்கத்து முள்ளைக்காட்டில் மின்வாரியமே முதற் காற்றாலைகளை நட்டது. பின்னர்க் கயத்தாறும் முப்பந்தலும் காற்றாலைக் காடுகளாயின. இன்று காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. நெடுங்காலம் இந்தியாவில் முதலிடமும் இதற்கே இருந்தது. அண்மையாண்டுகளில்தான் குசராத்து முந்தியது.

ஆனால் இக் காற்றாலைகள் யாருடையவை? தொண்ணூறுகளில் காற்றாலையில் முதலிட்டவனுக்கு நடுவணரசு ஒரு சலுகை தந்தது. முதலாண்டிலேயே அம் முதலின் முழுமையையோ பெரும்பகுதியையோ தேய்மானமாகக் கழித்து, வருமானவரியைக் குறைத்துக்கொள்ளலாம். பெருநிறுவனங்களும் நூற்பாலைகளும் விரைந்து வந்தன, காற்றாலைகள் பெருகின. வேண்டிய வேகம் அதனால் கிடைத்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. எனினும் வரி கட்டும் அளவுக்கு ஊதியம் இல்லாத உழவனுக்கு வரிக்கழிவால் என்ன பயன்? காற்று வீசுவது அவன் நிலத்தில். கழிவு கிடைப்பது நெடுந்தொலைவில் உள்ளவனுக்கு. அச் சலுகையை எழுதியவர் உழவனை வஞ்சிக்க எண்ணி எழுதினார் அல்லர். அவனை எண்ணவே இல்லை. வஞ்சனையினும் மறதி கொடிது. வஞ்சிப்பவனிடம் வழக்காடலாம், மறந்தவனிடம் யாது செய்வது?

இனித் திண்டுக்கல் வெளிக்கு வருவோம். பூட்டுக்கும் தோலுக்கும் நூலுக்கும் பெயர்பெற்ற நகர் நடுவில், கிழக்கே சிறுமலை, மேற்கே கோடைமலைத் தொடர், வடக்கே குடகனாறு ஓடும், பெரும்பாலும் மணலாகவே ஓடும், செம்மண் மேட்டுநிலம். வானம் பார்த்த சோளமும் நிலக்கடலையும், கிணறு உள்ள இடத்தில் முருங்கையும் காய்கறியும் விளையும். ஒட்டன்சத்திரச் சந்தை கேரளம் வரை உண்ணக் கொடுக்கும் சந்தை. அச் சந்தைக்குக் காய் கொடுக்கும் கிணறுகளோ ஆண்டுதோறும் ஆழ்ந்துகொண்டே போகின்றன. இத்தகைய வெளியைத்தான் ஒளிமின் பண்ணை தேடி வரும். ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். இராமநாதபுரத்துக் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட்டுப் பண்ணை ஏறத்தாழ 2,500 ஏக்கர் கொண்டது. மாவட்டந்தோறும் ஒளிமின் பூங்கா என்னும் அறிவிப்பும் 2021க்குப் பின் அரசினின்று வந்தது.

தரிசு என்று வருவாய்த்துறை ஏட்டில் எழுதப்பட்ட நிலம் உண்மையில் தரிசன்று. அங்கே ஆடு மேய்கின்றது. நிலமற்ற பெண் விறகு பொறுக்குகின்றாள். மழை பெய்த ஆண்டில் யாரேனும் எள்ளோ கொள்ளோ விதைக்கின்றார். வேலி போட்டவுடன் இம்மூவரும் வெளியே. நிலத்துக்கு உரியவனுக்குக் குத்தகையேனும் கிடைக்கும். இவர்க்கு இழப்பீடு எழுதத் தலைப்பே இல்லை. மின்கம்பி செல்லும் வழியும் அவ்வாறே. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தந்த அதிகாரம் இன்றும் கோபுரம் நடப் பயன்படுகின்றது. கோபுரம் நின்ற இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பிக்கு அடியிலுள்ள நிலத்துக்கு 15 விழுக்காடு வரையும் இழப்பீடு என்று 2015இல் நெறிமுறை வகுத்தனர். கம்பிக்கடியில் தென்னை வைத்திருந்தவன் மனம் அப் பதினைந்தில் ஆறியிருக்குமா? கொங்கு உழவர் கோபுரங்களை எதிர்த்துப் போராடியது வெறும் பிடிவாதத்தால் அன்று.

குத்தகை முறியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்கு நிலத்தைக் கட்டும் முறி அது; மகன் காலத்தையும் கட்டுவது. மின்விலையை வரையறுக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் விரிவான ஆணைகளும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. தன் நிலத்து வெயில் என்ன விலைக்குப் போகின்றது என்பதைத் தன் மொழியில் அறிய இயலாதவன் எப்படிப் பேரம் பேசுவான்? தமிழில் முறி வேண்டும் என்பது மொழிப்பற்றினால் மட்டும் எழும் கோரிக்கையன்று. சோற்றுக் கோரிக்கையும் ஆகும்.

மாற்று வழி உண்டா எனின், உண்டு, அருகிலேயே உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்தது ஓடந்துறை ஊராட்சி. சண்முகம் என்பார் தலைவராய் இருந்த காலத்தில் அவ்வூர் தெருவிளக்குக்கும் குடிநீர் இறைப்புக்கும் கட்டிய மின்கட்டணம் ஊராட்சியின் வருவாயைத் தின்றது. முதலில் 2003இல் மரக்கழிவை ஆவியாக்கும் சிறு பொறியை அமைத்தனர். பின்னர் 2006இல் உடுமலைப் பக்கத்து மைவாடியில், பழனி மலைக்குக் கூப்பிடு தொலைவு என்றே சொல்லலாம், 350 கிலோவாட்டுக் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கி நிறுத்தியது. விலை ஒரு கோடியே 55 இலக்கம் உருபா. ஊராட்சி சேர்த்துவைத்த 40 இலக்கம் போக எஞ்சியது வங்கிக்கடன். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறேமுக்கால் இலக்கம் அலகு விளைந்தது. ஊர்த்தேவை நான்கரை இலக்கம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றனர். காற்றை விற்றுக் கடனடைத்த ஊர் அது. இதற்கு எந்த வெளிநாட்டு வல்லுநரும் வரவில்லை. வரவு செலவு எழுதத் தெரிந்த ஊராட்சி இருந்தது, அவ்வளவே.

குசராத்தில் கேடா மாவட்டத்துத் துண்டி என்னும் சிற்றூரில், 2016இல் ஆறு உழவர் கூடி ஒரு கூட்டுறவு அமைத்தனர். கிணற்று மின்பொறிகளை ஒளித்தகட்டால் இயக்கினர். பாசனம் போக எஞ்சிய மின்னை மின்நிறுவனத்துக்கு விற்றனர். இது திண்டுக்கல் வெளிக்கு மிகமிகப் பொருந்தும் செய்தி. ஏனெனில் வெறுமனே ஒளித்தகடு கொடுத்தால், செலவில்லா வெயிலில் பகலெல்லாம் நீர் இறைத்து, வற்றும் கிணற்றை இன்னும் விரைவில் வற்றவைப்போம். தமிழ்நாட்டில் 1990 முதல் உழவர்க்கு மின் கட்டணமில்லை; அது உழவனைக் காத்தது; ஆழ்துளைக் கிணற்றை ஆழமாக்கியதும் அதுவே. இறைக்காத நீருக்கு ஈடான மின்னை விற்றுக் காசாக்கலாம் என்று ஆகும்பொழுதுதான் நீரும் மிஞ்சும், உழவனும் மிஞ்சுவான். நடுவணரசின் 2019ஆம் ஆண்டு உழவர் ஒளிமின் திட்டத்தில் இதற்கு இடம் எழுதப்பட்டுள்ளது. அரை மெகாவாட்டு முதல் இரண்டு மெகாவாட்டு வரையான சிறு நிலையங்களை உழவரும் கூட்டுறவுகளும் ஊராட்சிகளும் தம் புன்செய்யில் அமைக்கவும் அதே திட்டம் இடந்தருகின்றது. எழுத்தில் உள்ளது, ஊரில் இல்லை.

கடல்கடந்த தென்மார்க்கு நாட்டில் 1978இல் துவிந்து என்னும் பள்ளியின் ஆசிரியரும் தொண்டர்களும் கூடித் தம் கையால் ஒரு காற்றாலை கட்டினர். அந்நாளில் உலகிலேயே பெரியது அதுதான்! பொறிஞர் பலர் நகைத்தனராம்; அது இன்றும் சுழல்கின்றது. (ஆசிரியரைக் கணக்கெடுக்கவும் தேர்தல் பணிக்குமே பயன்படுத்தும் அரசுகள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.) தலைநகர் கோப்பனேகனுக்கு எதிரே 2000ஆம் ஆண்டில் கடலில் நட்ட இருபது காற்றாலைகளில் பாதி, எட்டாயிரத்துக்கு மேற்பட்ட குடிமக்களின் கூட்டுறவுக்கு உரியவை. 2009 முதல் ஏறத்தாழ பத்தாண்டுக்கு, புதிய காற்றாலை நடுவோர் அதன் பங்கில் ஐந்தில் ஒன்றை அருகில் வாழ்வோர்க்கு விற்க முன்வந்தே ஆகவேண்டும் என்று அந்நாடு சட்டமும் வைத்திருந்தது. நாலரைக் கிலோமீட்டருக்குள் குடியிருப்பவனுக்கு முதலுரிமை. தமிழ்நாட்டுக் கொள்கை ஏட்டில் அத்தகைய ஒரு வரியைச் சேர்க்க எத்துணை மை செலவாகும்?

வெயில் சாய்ந்தபின் விளக்குக்கு என்ன செய்வது என்று கேட்பர். நயமான கேள்வி. மின்னைச் சேர்த்துவைக்க மின்கல அடுக்குகள் உள்ளன. ஆனைமலைத் தொடரில் காடம்பாறை உள்ளது. மின் மிகுந்த வேளையில் நீரை மேலேற்றி, குறைந்த வேளையில் இறக்கி, 400 மெகாவாட்டு எடுக்கும் நிலையம் அது. எண்பதுகளின் முடிவிலேயே தமிழரால் கட்டி முடிக்கப்பட்டது. 2024இல் தமிழ்நாட்டரசு இத்தகைய நீரேற்று நிலையங்களுக்கும், சிறுபுனல் நிலையங்களுக்கும், பழங்காற்றாலைகளைப் புதுப்பித்தலுக்கும் தனித்தனிக் கொள்கைகளை வெளியிட்டது. வற்றா ஆற்றலுக்கென்றே தனிக்கழகமும் அவ்வாண்டு அமைந்தது. இவற்றுள் புதுப்பித்தல் கொள்கையை மக்கள் கண்வைத்து நோக்கவேண்டும். முப்பதாண்டுக்கு முன் நட்ட சிறு காற்றாலைகள் இறங்கி, பெருங்காற்றாலைகள் ஏறப்போகின்றன. பழைய முறிகள் மாறும் வேளை அது. ஊருக்குப் பங்கு கேட்க அதனினும் நல்வேளை வாய்க்காது.

கேட்கும் இடம் ஊர்மன்றமாகிய சிற்றூரவை. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியார் பிறந்தநாள், 2022 முதல் தண்ணீர் நாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறுமுறை அது கூடுகின்றது. அடுத்த முறை கூடும்பொழுது வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைப் பக்கத்து ஊராட்சிகளில் கேட்கவேண்டியவை சிலவே. சென்ற ஆண்டு ஊராட்சி மின்னுக்குக் கட்டிய தொகை எவ்வளவு? பள்ளிக்கூரை, ஊராட்சி அலுவலகக் கூரை, நீர்த்தொட்டியடி நிலம் ஆகியவற்றில் எத்தனை கிலோவாட்டு அமையும்? ஊர் எல்லையில் ஒளிப்பண்ணைக்கென நிலம் கேட்டு வந்தவர் யார்? அவர் காட்டும் முறி எந்த மொழியில் உள்ளது? அங்கே ஆடு மேய்ப்பவர் எத்தனை பேர்? விடையைத் தமிழில் எழுதி, தீர்மான ஏட்டில் ஏற்றி, கையொப்பம் இட்டு, ஒரு படியை மின்வாரியச் செயற்பொறியாளர்க்கும் ஒரு படியை மாவட்டத் தண்டலர்க்கும் அனுப்புக.