லீவும் ஒரு சேமிப்புதான்

(உலகச் செவிலியர் நாளையொட்டி நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



மே 12 உலகச் செவிலியர் நாள். 1820-ல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். வழக்கமாக இந்த நாளில் என்ன செய்வோம்? நர்சம்மாவைக் கூப்பிட்டு சால்வை போடுவோம். தெய்வம் என்போம், தியாகி என்போம். டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கலைந்துவிடுவோம். இந்தத் தடவை அப்படி இல்லாமல், நம் குழு ஒன்றில் சண்டை வரை போன ஒரு கேள்வியை எடுத்துப் பேசலாம் என்று நினைத்தோம்.

கேள்வி இதுதான். கொரோனா மாதிரி ஒரு நோய் பரவி, போக்குவரத்துக்குத் தடை போட்டிருக்கும்போது, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் லீவு போட்டுவிட்டு நாடு விட்டு நாடு போகலாமா, கூடாதா?

"இது நமக்கு எதுக்குங்க? நாம என்ன பிளேனிலயா போறோம்?" என்று கேட்காதீர்கள். நம் குழுக்களில் உள்கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, மகளை நர்சிங் படிக்க வைத்த அம்மாக்கள் எத்தனை பேர்! அந்தப் பெண்களில் சிலர் இன்று சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் டூட்டி பார்க்கிறார்கள். அதனால் இது நம் வீட்டுக் கேள்விதான்.

நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். நம் உறுப்பினர் ஒருவரின் மகள் 2019 ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு நர்ஸ் வேலைக்குப் போனார். ஒரு வயதுப் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார். வருடம் ஒரு தடவை வந்து பார்த்துவிடலாம் என்பது கணக்கு. 2020-ல் கொரோனா வந்தது. கணக்கு தப்பியது. அவர் ஊர் வந்து சேர்ந்தது 2021 டிசம்பரில். இரண்டு வருடம் நாலு மாதம் கழித்து. வாசலில் வந்து நின்றவரைப் பார்த்த பிள்ளை, "பாட்டி, போன்ல வர்ற அத்தை வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டது.

அப்போது ஒமிக்ரான் பயம். 2021 டிசம்பர் 15-ம் தேதிதான் தமிழ்நாட்டில் முதல் ஒமிக்ரான் தொற்றை அறிவித்தார்கள். அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பயணியிடம். ஊரில் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "ஊரு உலகமே நோயில கெடக்குது. நர்சா இருந்துக்கிட்டு நோயாளியை விட்டுட்டு இப்ப என்ன டூரு வேண்டிக் கெடக்கு?" என்று கேட்டார். இன்னும் நாலு பேர் ஆமாம் போட்டார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, அங்கே உட்கார்ந்திருந்த நாங்களும் தலையை ஆட்டினோம். படித்தவர்கள், சமூகப்பணிப் பட்டம் வாங்கியவர்கள் என்று பேர்.

அந்தத் தாயார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாம வாராவாரம் கட்டுன சேமிப்பை நாமே திருப்பிக் கேட்டா அது பிச்சையா? என் மக லீவும் அவ சேத்து வெச்சதுதான."

இன்றைக்கு நாங்கள் பேச வந்ததே அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான். ஆனால் முதலில், தடை போட்டவர்கள் பக்கம் என்ன நியாயம் என்று பார்த்துவிடுவோம். ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்மானம் எழுதுவது நம் குழுப் பழக்கம் இல்லை.

கொரோனா கிருமி உடம்பில் புகுந்த பிறகு அறிகுறி தெரிய 14 நாள் வரை ஆகலாம். காய்ச்சல், இருமல் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது அடுத்தவருக்குத் தொற்றும். சிலருக்கு அறிகுறியே தெரியாது, ஆனாலும் பரப்புவார்கள். ஒரு நர்ஸ் ஒரு ஷிப்டில் எத்தனை கட்டிலுக்குப் போகிறார், எத்தனை பேரைத் தொட்டுத் தூக்குகிறார்! அங்கே படுத்திருப்பவர்கள் வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஆபரேஷன் முடிந்தவர்கள். வெளியூர் போய்த் திரும்பும் ஒருவர் தெரியாமல் கொண்டுவந்தால் ஒரு வார்டே மாட்டிக்கொள்ளும். இந்தப் பயம் நியாயமானது.

இரண்டாவது ஆள் கணக்கு. சிங்கப்பூரில் 2020-ல் வெளியே போய்த் திரும்பினால் 14 நாள் தனிமை. 2021 மே மாதம், அபாயம் கூடிய நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு அதை 21 நாள் ஆக்கினார்கள். 14 நாள் லீவில் ஊருக்குப் போனால், திரும்பி 14 நாள் தனிமை. மொத்தம் 28 நாள் அந்த ஆள் வார்டில் இல்லை. ஒரு வார்டில் 20 நர்சுகள் இருந்து, 5 பேர் ஒரே நேரத்தில் கிளம்பினால், நாலு வாரத்துக்குக் கால்வாசிப் பேர் கிடையாது. அந்தப் பாரம் மீதி 15 பேர் தலையில்தான் விழும். அவர்களும் நம்மைப் போல பெண்கள்தான்.

ஆகவே "வேலை என் உரிமை, லீவும் என் உரிமை, நான் நினைத்த நேரத்தில் கிளம்புவேன்" என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதுவும் கடற்கரை பார்க்க, கடைவீதி சுற்ற என்று ஒரு பயணம் என்றால் ஆறு மாதம் தள்ளிப் போடலாம். கடல் எங்கேயும் போய்விடாது.

இதில் மேல் பதவியில் இருப்பவர்களுக்கு இன்னும் பொறுப்பு அதிகம். ஸ்காட்லாந்தில் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர் காதரின் கால்டர்வுட். "வீட்டிலேயே இருங்கள்" என்று மக்களுக்கு எடுத்துச் சொன்னவரே அவர்தான். ஊரடங்கு நேரத்தில் தன்னுடைய இன்னொரு வீட்டுக்கு இரண்டு தடவை போய்வந்தது தெரிந்து, 2020 ஏப்ரல் 5-ம் தேதி பதவி விலகினார். கனடாவில் ஒன்டாரியோ மாநில நிதி அமைச்சர் ராட் பிலிப்ஸ், 2020 டிசம்பரில் மக்களைப் பயணம் போகாதீர்கள் என்று அரசு கேட்டுக்கொண்டிருந்தபோது கரீபியன் தீவுக்கு விடுமுறைக்குப் போனார். டிசம்பர் 31 அன்று பதவி போனது. ஊருக்கு உபதேசம், தனக்கு விதிவிலக்கு என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? அடுத்த தடவை அவர்கள் நல்லதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

சரி, இப்போது இன்னொரு பக்கம் வருவோம்.

நம் உறுப்பினரின் மகள் போன்றவர்களுக்கு வழி எப்படி எல்லாம் அடைபட்டது என்று பாருங்கள். 2020 மார்ச் 23 முதல் இந்தியா வழக்கமான சர்வதேச விமானங்களை நிறுத்தியது. அது முழுசாகத் திரும்பத் தொடங்கியது 2022 மார்ச் 27-ல். நடுவில் சிறப்பு விமானங்கள் மட்டும். வெளியே போய் வருபவர்கள் 14 நாள் தனிமை விடுதிக்கு 2,000 வெள்ளி கட்ட வேண்டும் என்று சிங்கப்பூரில் 2020 ஜூனில் விதி வந்தது. நம் பணத்துக்கு அப்போது ஒரு லட்சத்துக்கும் மேல். 2021 ஏப்ரல் 24 முதல் இந்தியா போய்வந்தவர்களை, அங்கே வேலை செய்ய அனுமதி வைத்திருந்தாலும், உள்ளே விடவில்லை. கிளம்பினால் வேலைக்குத் திரும்ப முடியுமா என்பதே தெரியாது. தடுப்பூசி போட்டவர்கள் தனிமை இல்லாமல் போய்வரும் விமானங்கள் இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2021 நவம்பர் 29-ல்தான் தொடங்கின. அந்தப் பெண் டிசம்பரில் வந்தது அதனால்தான். விதியை மீறி வரவில்லை. விதி திறந்த உடனே வந்தார். அதைத்தான் நாம் டூர் என்றோம்.

அதே நவம்பரில், 1-ம் தேதி, சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் மூத்த துணை அமைச்சர் ஜனில் புதுச்சேரி ஒரு கணக்குச் சொன்னார். கொரோனாவுக்கு முன்பு சுகாதாரத் துறையில் வருடத்துக்குச் சுமார் 2,000 பேர் வேலையை விடுவார்கள். 2021-ல் முதல் ஆறு மாதத்திலேயே சுமார் 1,500 பேர் விட்டுவிட்டார்கள். வெளிநாட்டு டாக்டர்கள், நர்சுகள் மட்டும் பார்த்தால், 2020 வருடம் முழுக்க விட்டவர்கள் சுமார் 500 பேர். 2021-ல் பாதி வருடத்திலேயே ஏறக்குறைய அதே அளவு. ஊர் திரும்புவதும் ஒரு முக்கியக் காரணம். சேர்ந்து கிடந்த லீவை 2021-ல் எடுத்து முடிக்க முடியாதவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல் என்றும் சொன்னார்.

இதற்கு என்ன அர்த்தம்? லீவு கொடுத்தால் 28 நாள் ஆள் இருக்காது என்று பயந்தார்கள். லீவு கிடைக்காமல் போனவர்களில் பலர் ஒரேயடியாகப் போய்விட்டார்கள். நம் நாட்டிலும் நடந்தது. 2020 மே மாதம் கொல்கத்தா தனியார் மருத்துவமனைகளில் இருந்த மணிப்பூர் நர்சுகள் கூட்டம் கூட்டமாக வேலையை உதறிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். கயிற்றை ரொம்ப இழுத்தால் அறுந்துதானே போகும்?

அவர்கள் எடுத்துக்கொண்ட ஆபத்தும் சாதாரணமில்லை. 2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரை உலகம் முழுக்க 80,000 முதல் 1,80,000 வரை சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நாம் என்ன செய்தோம்? 2020 மார்ச் 22 சாயங்காலம் 5 மணிக்குக் கை தட்டினோம், தட்டு தட்டினோம். ஒரு மாதம் ஆவதற்குள் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்யப் போனவர்கள் மேல் கல் எறிந்தார்கள். கை தட்டுவதற்குச் செலவு இல்லை. ஒரு நர்சம்மாவுக்குப் பத்து நாள் லீவு கொடுப்பதற்குச் செலவு உண்டு. அதனால் கை மட்டும் தட்டினோம்.

அப்படியானால் தீர்மானம் என்ன? நம் குழு முறையிலேயே யோசிப்போம்.

நம்மிடம் சேமிப்பு இருக்கிறது. ஒரு கஷ்ட காலத்தில் எல்லோரும் ஒரே நாளில் திருப்பிக் கேட்டால் குழு நிற்காது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பணம் அவரவர் பாஸ்புக்கில் அப்படியே இருக்க வேண்டும். எப்போது கிடைக்கும் என்று தேதி சொல்ல வேண்டும். வீட்டில் சாவு, பிரசவம் என்றால் வரிசையை மாற்றி முதலில் கொடுக்க வேண்டும். தலைவி தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த நாலும் இருந்தால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

லீவுக்கும் இதே நாலுதான்.

ஒன்று, தடை இருக்கும்வரை உல்லாசப் பயணத்தைத் தள்ளிப் போட வேண்டும். அது நர்சுக்கும் பொருந்தும், டாக்டருக்கும் பொருந்தும், அமைச்சருக்கும் பொருந்தும்.

இரண்டு, எடுக்காத லீவு காலாவதி ஆகக் கூடாது. அடுத்த வருடத்துக்குச் சேர வேண்டும், இல்லாவிட்டால் சம்பளமாக வர வேண்டும்.

மூன்று, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதும், சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்ப்பதும் டூர் இல்லை. அதற்கு முறை வைத்து, ஒருவர் திரும்பியதும் அடுத்தவர் என்று அனுப்ப வேண்டும். தனிமை நாட்களை அவருடைய லீவில் கழிக்கக் கூடாது. விடுதிச் செலவும் நிர்வாகத்தின் பொறுப்பு. வார்டைக் காப்பாற்றத்தானே அந்தத் தனிமை?

நாலு, ஊரில் இருந்தபடி எடுக்கும் லீவையாவது தடையில்லாமல் கொடுக்க வேண்டும். தூங்காத கண் மருந்துச் சீட்டைத் தப்பாகப் படிக்கும். நர்ஸ் ஓய்வெடுப்பது நோயாளிக்கும் பாதுகாப்பு.

இதெல்லாம் அரசும் ஆஸ்பத்திரியும் செய்ய வேண்டியது. நாம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. அடுத்து இப்படி ஒரு காலம் வந்தால், வாசலில் வந்து இறங்கும் பெண்ணைப் பார்த்து "என்ன டூரா?" என்று கேட்பதற்கு முன்னால், "பிள்ளையைப் பாத்து எத்தனை மாசமாச்சும்மா?" என்று கேட்போம். டெஸ்ட் எடுக்க வேண்டுமா, எடுக்கட்டும். சில நாள் தள்ளி இருக்க வேண்டுமா, இருக்கட்டும். ஆனால் சாப்பாடு வாசலுக்குப் போகட்டும், வசவு போக வேண்டாம்.

அந்தக் கூட்டம் முடிந்து நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். முகக்கவசம் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். தலையை ஆட்டியதற்கு மன்னிப்புக் கேட்டோம். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "பரவாயில்லக்கா, இன்னும் எட்டு நாள்தான் இருக்கு, இவ என்கிட்ட வந்து தூங்கினா போதும்" என்று சொன்னார். கடைசி இரண்டு ராத்திரி அந்தப் பிள்ளை அம்மாவிடம் தூங்கியதாகப் பாட்டி பிறகு சொன்னார்.



குழுக்களில் கலந்து பேச:

1. உங்கள் குழுவில் எத்தனை பேரின் பிள்ளைகள் மருத்துவத் துறையில் வேலை செய்கிறார்கள்? கொரோனா காலத்தில் அவர்களுக்கு லீவு கிடைத்ததா?

2. அப்போது உங்கள் ஊர் நர்சம்மாவிடம் நாம் எப்படி நடந்துகொண்டோம்? மனம்விட்டுப் பேசுங்கள்.

3. மேலே சொன்ன நாலில் எதை உங்கள் குழு ஒத்துக்கொள்ளவில்லை? காரணத்தோடு தீர்மான நோட்டில் எழுதி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.