ஆஸ்டியோபதி என்னும் சிகிச்சை முறை



நம் ஊர்ப்பக்கத்தில் ஒருவருக்குக் குறுக்குப் பிடித்துக்கொண்டால், சுளுக்கு வழிப்பவர் ஒருவரைத் தேடிச் செல்வது வழக்கம். அவரும் எண்ணெய் தடவி நீவி, இரண்டு இழுப்பு இழுத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவார். உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நமக்கு அந்த வசதி இல்லை. நாள் முழுவதும் நாற்காலியிலும், எஞ்சிய நேரம் பேருந்திலும் ரயிலிலும் கழிகின்ற வாழ்க்கையில் முதுகு வலி அறியாதவர் சிலரே. அத்தகையோர் கண்ணில் இப்போது 'ஆஸ்டியோபதி' என்ற பெயர்ப் பலகையும் தென்படுகிறது. அது எத்தகைய சிகிச்சை, யாருக்கு உதவும், எங்கே உதவாது என்பன பற்றி இன்று சிறிது கூற விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன், மொழிபெயர்ப்பாளன். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

கிரேக்க மொழியில் 'ஆஸ்டியோன்' என்பது எலும்பு. 'பாத்தோஸ்' என்பது துன்பம். இரண்டையும் சேர்த்து 'எலும்பு நோய்' என்று பெயர்த்தால் சொல் பொருந்தும், பொருள் தவறிவிடும். இது எலும்பு நோய்க்கான சிகிச்சையன்று. முறிந்த எலும்பைக் கூட்டிக் கட்டுகின்ற புத்தூர்க் கட்டுக்கும் இதற்கும் உறவில்லை. எலும்பு, மூட்டு, தசை, தசைநார் ஆகியவற்றால் ஆன உடற்சட்டத்தைக் கையால் ஆராய்ந்து, இறுகியதைத் தளர்த்தி, குறைந்துபோன அசைவை மீட்க முயலும் முறை இது. மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை; கையே கருவி.

இதனைத் தோற்றுவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க வைத்தியர். 1828-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 1864-இல் மூளை, தண்டுவட உறைகளைத் தாக்கும் கொடிய காய்ச்சலுக்குத் தம் குழந்தைகள் மூவரைப் பறிகொடுத்தார். பாதரச மருந்தும் அபினும் பேதி மருந்தும் தாராளமாக வழங்கப்பட்ட காலம் அது. அந்த வைத்தியத்தின் மேல் நம்பிக்கை இழந்த அவர், உடலின் அமைப்பு சீராக இருந்தால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற கொள்கையை 1874-இல் வெளியிட்டார். 1892-இல் மிசௌரி மாநிலத்தில் கர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் இதற்கெனப் பள்ளி ஒன்றையும் நிறுவினார். எல்லா நோய்க்கும் வேர் உடற்சட்டத்தின் கோணலே என்ற அவருடைய எண்ணத்தைப் பிற்கால விஞ்ஞானம் ஏற்கவில்லை. எனினும், நோயாளியைத் தொட்டு, அசைத்து, பொறுமையாகப் பரிசோதிக்கும் பழக்கம் அவர் விட்டுச்சென்ற நற்கொடை எனலாம்.

அவருக்குப் பின் இம்முறை இரண்டு வழியாகப் பிரிந்தது. அமெரிக்காவில் இதைப் பயின்றோர் காலப்போக்கில் மருத்துவக் கல்வி முழுவதையும் மேற்கொண்டனர். இன்று அவர்கள் அங்கே மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமை பெற்ற முழு மருத்துவர்கள். பிரிட்டனிலோ இது கையால் செய்யும் தனித்தொழிலாகவே வளர்ந்தது. 1993-இல் அங்கே இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பதிவு பெறாத எவரும் தம்மை ஆஸ்டியோபத் என்று அழைத்துக்கொள்ளல் குற்றம். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட அளவுகோலின்படி, மருத்துவக் கல்வி இல்லாத ஒருவர் இத்தொழிலுக்கு வர 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையின்கீழ் நோயாளிகளைக் கவனித்திருக்க வேண்டும். நம் நாட்டில் பிரிட்டனில் உள்ளது போன்ற தனிச்சட்டம் இல்லை. ஆகவே ஒரே பெயரின்கீழ் பல ஆண்டு பயின்றவரும் இருக்கலாம், சில வாரம் பயின்றவரும் இருக்கலாம். இதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி, சிகிச்சை எவ்வாறு நடைபெறும் என்று பார்ப்போம். முதல் நாளில் பெரும்பகுதி நேரம் பேச்சிலும் பரிசோதனையிலும் கழியும். வலி எப்போது தொடங்கியது, எந்த அசைவில் கூடுகிறது, இரவில் தூங்க விடுகிறதா, முன்பு என்ன நோய்கள் இருந்தன, என்ன மருந்து உண்கிறீர் என்றெல்லாம் கேட்பார்கள். பிறகு நிற்கச் சொல்லி, குனியச் சொல்லி, திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள். முதுகெலும்பில் கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என அசையும் கணுக்கள் 24 உண்டு. அவற்றில் எங்கே அசைவு குறைந்திருக்கிறது, எங்கே தசை இறுகியிருக்கிறது என்பதை விரல்களால் தேடுவார்கள்.

சிகிச்சையில் சில வகைகள் உண்டு. தசைகளை அழுத்தியும் நீவியும் தளர்த்துவது ஒன்று. மூட்டை அதன் எல்லை வரை மெல்ல மெல்ல அசைத்துக் கொடுப்பது மற்றொன்று. நோயாளியே சிகிச்சையாளரின் கைக்கு எதிராகச் சில விநாடி இலேசாக அழுத்திப் பின் தளர்த்த, அந்தத் தளர்ச்சியைப் பயன்படுத்தி அசைவைக் கூட்டுவது மூன்றாவது. சட்டென்று சிறு விசையுடன் மூட்டைத் தள்ளுவது நான்காவது. 'சடக்' என்று ஓசை கேட்பது இதில்தான். விலகிய எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் ஓசை என்று பலர் எண்ணுகிறார்கள், அது உண்மையன்று. மூட்டினுள்ளே உள்ள வழவழப்பான நீரில் அழுத்தம் திடீரெனக் குறையும்போது வாயுக்குமிழ் தோன்றுவதால் எழும் ஓசை அது. ஓசை வந்தால் வெற்றி என்பதும் இல்லை, வராவிட்டால் தோல்வி என்பதும் இல்லை. சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உடம்பு வலிப்பது உண்டு. அது தானே தணியும்.

இதனால் பயன் உண்டா? முதுகின் கீழ்ப்பகுதி வலியைப் பொறுத்தமட்டில், ஓரளவு உண்டு என்பதே நேர்மையான விடை. 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றோரும் இச்சிகிச்சை பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். ஆனால் பின்னவர்களுக்கு மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. 2021-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 400 பேரைக் கொண்டு, உண்மையான சிகிச்சையையும் வெறுமனே கைவைக்கும் போலிச் சிகிச்சையையும் ஒப்பிட்டனர். உண்மையான சிகிச்சை சற்று மேலாக இருந்தது. ஆயினும் அவ்வேறுபாடு மிகச் சிறியது. பிரிட்டனில் 2016-இல் வகுக்கப்பட்ட மருத்துவ நெறி, கையால் செய்யும் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே கொடுக்கலாம் என்கிறது. கை தற்காலிகமாக வலியைத் தணித்து வழியைத் திறந்துவிடும். அவ்வழியில் நடக்க வேண்டியவர் நோயாளியே. இதுவே இவற்றிலிருந்து நாம் பெறும் கருத்து.

ஆஸ்துமா, காது நோய், குழந்தையின் அழுகை முதலியவற்றையும் தீர்ப்போம் என்று சிலர் கூறுவர். தலையோட்டு எலும்புகளை மெல்லத் தொட்டே பல நோய்களைப் போக்கலாம் என்பாரும் உளர். இவற்றிற்குத் தக்க சான்று இல்லை. 'உங்கள் எலும்பு விலகியிருக்கிறது, மாதந்தோறும் வந்து சரி செய்துகொள்ள வேண்டும்' என்று ஒருவர் சொன்னால், பணப்பையைப் பத்திரப்படுத்திக்கொள்வது நலம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது நம் போன்ற வெளிமாநிலத்தாரை எளிதில் பற்றக்கூடியது. தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, எரிச்சல், மரமரப்பு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலையைச் சுட்டும். இந்தியில் பேச நேர்ந்ததும் அத்தனையும் 'தர்த்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. திருநெல்வேலியிலிருந்து வந்து தில்லியில் பணியாற்றிய நண்பர் ஒருவர் முதுகு வலிக்காகக் கைச்சிகிச்சை செய்யும் ஒருவரிடம் பல வாரம் சென்றார். ஒரு காலில் மரமரப்பு இருந்ததும், மாடிப்படியில் பாதம் தடுக்கியதும் அவருக்குத் தெரியும். ஆனால் அவற்றைச் சொல்லச் சொல் கிடைக்கவில்லை. 'தர்த்' என்றே சொல்லி வந்தார். எதிரிலிருந்தவரும் கேட்கவில்லை. இறுதியில் இடுப்பு ஜவ்வு பிதுங்கி நரம்பை நெருக்குவது கண்டு அறுவை செய்தார்கள். வலி நீங்கியது. பாதத்தின் வலிமை முழுவதும் திரும்பவில்லை.

ஆகவே சில குறிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலில் வலிமை குறைதல், மரமரப்பு பரவுதல், தொடைகளின் நடுவே உணர்ச்சி மங்குதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் வராது அடைத்தல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலுடன் கூடிய முதுகு வலி, காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தமை, கீழே விழுந்த பின் வந்த வலி ஆகியவையும் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டியவை. எலும்பு பலவீனமானோரும், ரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் விசையுடன் தள்ளும் முறையைத் தவிர்க்க வேண்டும். கழுத்தை வேகமாகத் திருப்புவதால், அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு.

சிகிச்சைக்குப் போகுமுன் உங்கள் வலியைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எங்கே, எப்போது, எத்தகையது என்று. பிறகு மொழி தெரிந்த அண்டை வீட்டாரையோ, அங்கேயே படித்து வளர்ந்த உங்கள் பிள்ளையையோ உடனழைத்துச் செல்லுங்கள். மரமரப்புக்கு இந்தியில் 'சுன்ன்' என்ற சொல் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் அதை அறிவார்கள். சிகிச்சையாளர் எங்கே, எத்தனை ஆண்டு பயின்றார் என்று கேட்கத் தயங்க வேண்டாம். அவர் உங்களை முழுமையாகக் கேட்டாரா, வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாரா என்று கவனியுங்கள். சில முறை சென்றும் மாற்றம் இல்லையெனில் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஆபத்தான குறி எதுவும் இல்லாத முதுகு வலிக்குப் படுக்கையில் கிடப்பதைவிட, இயன்ற அளவு நடமாடுவதே நல்லது. கைதேர்ந்தவரின் கை, அந்த நடமாட்டத்துக்குத் துணையாக அமையுமானால், அதனைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம்.