மகன் குடித்தால் வயசு, மகள் குடித்தால் மானமா?



மேலூரிலும் உசிலம்பட்டியிலும் நிலத்தை ஒத்தி வைத்து மதுரைக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். மகன் குடித்துவிட்டு வந்தால் "வயசுக் கோளாறு, கல்யாணமானால் சரியாய்ப் போகும்" என்கிறீர்கள். அதாவது வேறொருத்தி பெற்ற பெண்ணைக் குடிகாரனுக்கு மருந்தாகக் கொடுக்கிறீர்கள்! மகள் குடித்தாளென்று வதந்தி வந்தாலோ படிப்பே நின்றுபோகிறது.

கணக்கு என்ன சொல்லுகிறது? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் குடிக்கும் ஆண்கள் நூற்றுக்குச் சுமார் 25 பேர். பெண்கள் ஆயிரத்துக்குச் சுமார் 3 பேர். (ஒப்புக்கொண்டால் அடி விழும் வீட்டில் எந்தப் பெண் ஒப்புக்கொள்ளுவாள் என்பது வேறு விஷயம்.) அப்படியிருந்தும் மாலையிலேயே பூட்டுப் போடுவது பெண்கள் விடுதிக்குத்தான்!

பெண்ணுக்குக் குடி சீக்கிரம் ஏறும் என்பது உண்மையே. உடம்பில் நீர் குறைவாதலால், அதே அளவு குடித்தாலும் இரத்தத்தில் அதிகமாகச் சேருகிறது. இது உடற்கூறு, கற்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆணின் ஈரல் மட்டும் கெடாதா?

வயதைப் பார்ப்போம். 21-க்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக்கூடாதென்பது சட்டம். மூளை முதிர்வதோ 25-ஐ ஒட்டித்தான் என்கிறார்கள் வைத்தியர்கள். கல்லூரியில் சேரும் பையனுக்கு வயது 17, 18. 2003 முதல் சில்லறைக் கடையும் சர்க்காருடையதே. அங்கே வயதைக் கேட்கிறார்களா, காசைக் கேட்கிறார்களா?

2010-க்குப் பின்வந்த வருஷங்களில் அந்தக் கடைகளை மூடச் சொல்லி உண்ணாவிரதமிருந்து கைதானவர் மதுரைச் சட்டக் கல்லூரி மாணவியாயிருந்த நந்தினி. படிக்க வைத்தால் பெண் கெட்டுப்போவாள் என்கிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்?