கிளிக் கூண்டும் குடும்ப நலமும்



1930ஆம் ஆண்டு சனவரி 24ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி ஹேர்பேட் ஹூவர், வெளிநாடுகளிலிருந்து கிளிகளைத் தருவிப்பதற்குத் தடைவிதித்து ஓர் ஆணை பிறப்பித்தார். பெருநாடு ஒன்று கிளிக்கு அஞ்சிக் கதவடைத்தது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆனால், அவ்வச்சத்துக்குத் தக்க காரணம் இருந்தது. கிளி வளர்ப்போர் அனைவரும் அதனை அறிந்திருத்தல் நலம்.

கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் இந்நோய்க்குச் சிற்றக்கோசிஸ் என்று பெயர். கிளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்த பெயர் இது. நாம் இதனைக் கிளிக் காய்ச்சல் எனலாம். 1879இல் சுவிற்சர்லாந்தில் றிற்றர் என்னும் வைத்தியர், ஒரே வீட்டில் எழுவருக்கு ஏற்பட்ட கடும் நுரையீரல் நோயை ஆராய்ந்து, அவ்வீட்டிலிருந்த கூண்டுப் பறவைகள்மீது ஐயங்கொண்டார். அவ்வெழுவருள் மூவர் இறந்தனர். 1892இல் தென்னமெரிக்காவிலிருந்து பாரிஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்ட கிளிகளாலும் இந்நோய் பரவிற்று.

1929ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் அனாபொலிஸ் நகரில், நத்தார்ப் பரிசாக வாங்கப்பட்ட கிளியொன்று நோயுற்று இறந்தது. சில நாட்களுள் அவ்வீட்டார் மூவர் காய்ச்சலாற் படுக்கையில் வீழ்ந்தனர். வாஷிங்ரன் நகரிலிருந்த அரசாங்கச் சுகாதார ஆய்கூடம் நோயின் காரணத்தைத் தேடலாயிற்று. சாள்ஸ் ஆம்ஸ்றோங் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய உதவியாளர் அன்டர்சனும் நிலவறையில் நோயுற்ற பறவைகளை வைத்து ஆராய்ந்தனர். 1930 பெப்ரவரியில் அன்டர்சன் அந்நோய்க்கே பலியானார். ஆம்ஸ்றோங்கும் நோயுற்று, அரிதிற் பிழைத்தார். அதன்பின் அப்பறவைகளை அணுகாத, அவ்வறைக்குட் செல்லாத ஊழியர்களும் நோய்ப்பட்டனர். ஆகவே, நோயைப் பெறுவதற்குக் கிளி கடிக்கவும் வேண்டுவதில்லை, அதனைத் தொடவும் வேண்டுவதில்லை என்பது தெளிவாயிற்று.

அப்படியாயின் நோய் எவ்வாறு வருகின்றது? இதற்குக் காரணமானது கிளமிடியா சிற்றாசி என்னும் நுண்ணிய பற்றீரியா. நோயுற்ற பறவையின் எச்சத்திலும் மூக்கிலிருந்து வடியும் நீரிலும் அது வெளிவருகின்றது. எச்சம் உலர்ந்து தூளாகின்றது. பறவை சிறகடிக்கும்போதும், நாம் கூண்டைக் கூட்டும்போதும் அத்தூள் காற்றிற் கலந்து நம் மூச்சுடன் உட்செல்கின்றது. இறகை விரித்துச் சோர்ந்திருத்தல், இரை கொள்ளாமை, கண்ணில் நீர் வடிதல், எச்சம் பச்சை நிறமாக இளகிப்போதல் ஆகியன நோயின் அறிகுறிகள். ஆயினும், வெளித்தோற்றத்தில் நலமாயுள்ள பறவையும் கிருமியைச் சுமந்திருத்தல் கூடும். நெடும்பயணமும் கூண்டு நெருக்கமும் அதனை வருத்தும்போது கிருமி மிகுதியாக வெளிப்படும். புதிதாக வாங்கிய பறவையிடம் கூடுதலான எச்சரிக்கை வேண்டுவது இதனாலேயே.

மனிதருக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுள் காய்ச்சல், குளிர் நடுக்கம், கடுந் தலையிடி, தசை நோவு, வறட்டு இருமல் என்பன தோன்றும். சிலருக்கு அது நியூமோனியாவாக முற்றும். சாதாரண காய்ச்சலைப் போன்றே தொடங்குவதால், நோயாளி கூறாவிடின் வைத்தியர் கிளியை நினைத்துப் பார்க்க நியாயமில்லை. இங்கேதான் ஆபத்து உள்ளது. பெனிசிலின் வகை மருந்துகள் இக்கிருமிக்கு ஏற்றவையல்ல. ரெற்றாசைக்கிளின் வகை மருந்துகளே பயன் தருவன. அம்மருந்துகள் தோன்றுமுன் நோயுற்ற பலர் மாண்டனர். இன்று காலத்தோடு உரிய சிகிச்சை பெறுவோர் இறப்பது மிக அரிது. ஆகவே, காய்ச்சலுக்காக வைத்தியரிடம் செல்லும்போது, “எங்கள் வீட்டிற் கிளி இருக்கின்றது” என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல மறவாதீர்கள். இறந்துபோன கிளியாயினும் அதனைச் சொல்லுங்கள்.

இனி, வீட்டிற் செய்யவேண்டியவை சில. கூண்டைச் சமையலறையிலும் படுக்கையறையிலும் வைக்கலாகாது. காற்றோட்டமுள்ள இடமே அதற்கு ஏற்றது. உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தாற் கூட்டாமலும் வாயால் ஊதாமலும், முதலில் நீர் தெளித்து நனைத்து, பின்னர் வழித்தெடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு இதனைச் செய்தல் நன்று. பின்பு சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். குழந்தைகள் கிளியை முத்தமிடவோ வாயால் இரையூட்டவோ விடாதீர்கள். புதிய பறவையை ஒரு மாதமாவது தனியே வைத்திருங்கள். நோயுற்ற பறவையை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் குறிக்கும் மருந்தை, வழக்கமாக நாற்பத்தைந்து நாட்களுக்கு, இடைவிடாது கொடுத்தல் வேண்டும். பறவை தேறிவிட்டதென்று எண்ணி இடையில் நிறுத்தினால் கிருமி எஞ்சிவிடும்.

கிளியை வெறுக்கவேண்டும் என்பது இவ்வுரையின் கருத்தன்று. கூண்டில் அடைபட்ட பறவை தன் இடத்தைத் தானே தூய்மை செய்துகொள்ள இயலாது. அப்பொறுப்பு அதனை அடைத்து வைத்தவருடையது. அதனைச் செவ்வனே நிறைவேற்றினால் கிளியும் நலமாயிருக்கும், வீட்டாரும் நலமாயிருப்பர்.