ஏரிக்குப் புதிய ஆயக்கட்டுதாரர்கள்

இயற்கைப் பாதுகாப்பில் பொருளியலுக்கு என்ன வேலை என்று பேச நாம் ஸ்ரீபெரும்புதூரில் கூடியிருக்கிறோம். இங்கே ஒரு ஏக்கர் நிலம் என்ன விலை போகிறது என்று கேட்டால் டீக்கடையிலேயே பதில் கிடைக்கும். பக்கத்து ஏரி எவ்வளவு பெறும் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. வருவாய்ப் பதிவேட்டில் அது புறம்போக்கு, அவ்வளவுதான்.

விலை இல்லாததற்கு விலை போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று பொருளியலாளர்களில் பலர் நம்பினார்கள். சூழலியல் பொருளியலாளர் ராபர்ட் கோஸ்டான்சாவும் அவருடைய சகாக்களும் 1997இல் உலகத்து இயற்கை ஆண்டுதோறும் செய்து தரும் சேவைகளின் மதிப்பு சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அவ்வளவு பெரிய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஏரிக்கரையைக்கூடக் காப்பாற்ற முடியாது. ஓர் ஏரி நிற்பதாலோ அழிவதாலோ யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? பொருளியல் நமக்கு உதவுவது இந்த மூன்று கேள்விகளைக் கேட்கும்போதுதான்.

இங்கிருந்து தெற்கே வேடந்தாங்கல் பறவைச் சரணாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். நீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடாவும் நத்தை கொத்தி நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. எச்சம் தண்ணீரில் விழுகிறது. உரமேறிய அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. பறவை வந்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது அவ்வூர் உழவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டார்கள் என்றும், 1798 வாக்கில் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையை ஒப்புக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது. சரணாலயச் சட்டமெல்லாம் பின்னால் வந்தது. 2020இல் சரணாலயத்தின் எல்லையை ஐந்து கிலோமீட்டரிலிருந்து மூன்றாகக் குறைக்க ஒரு திட்டம் எழுந்தபோது எதிர்ப்பு வலுத்ததற்கு இந்த நீண்ட உறவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். பறவைமேல் உள்ள பாசமும் நெல்மேல் உள்ள அக்கறையும் அங்கே ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன.

நம் ஏரிகளும் ஒரு காலத்தில் இப்படி, பயன் பெற்றவர்களின் அக்கறையால்தான் பிழைத்தன. ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. பிற்காலத்தில் நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளர் இருந்தார். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரவெல்லாம் கரைமேல் நடப்பார். கசிவு கண்டால் ஊரைக் கூப்பிடுவார், வைக்கோலும் மண்ணும் கொண்டு அடைப்பார்கள். அறுவடையானதும் ஒவ்வொரு களத்திலும் அவருக்கு நெல் அளந்து கொடுப்பார்கள். ஏரியைக் காக்கும் செலவு ஏரியின் விளைச்சலிலிருந்தே வந்தது. இதைப் பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. ஏரிமேல் உரிமை நிலம் உள்ளவர்களுக்கே இருந்தது. சேரி மக்கள் கரையில் மண் சுமந்தார்கள், முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்கு இடமில்லை.

பிறகு ஆலைகள் வந்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை எழுந்தது. ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் வந்தது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஏரி நீர் பாய்ந்த ஆயக்கட்டு நிலம் ஆலையாகவும் மனையாகவும் மாறியபோது உழவருக்கு இழப்பீடு கிடைத்தது, நீர்க்கட்டிக்கு நெல் அளக்கும் களம் போயிற்று. வரத்துக் கால்வாய் தூர்ந்தால் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

இந்த வட்டாரத்து ஏரிகள் ஒன்றோடொன்று கோத்தவை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் கலங்கல் நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது, மணிமங்கலத்து நீர் அடையாற்றுக்கு. 2015 டிசம்பர் பெருமழையில் செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்தார்கள். அந்த மழைக்கு எல்லா ஏரியும் சீராக இருந்திருந்தாலும் வெள்ளம் வந்திருக்கும். ஆனால் மேலே தூர்ந்துபோன ஒவ்வோர் ஏரியின் கணக்கும் கீழே சைதாப்பேட்டை வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது. அந்த வாரம் சென்னையைச் சுற்றியுள்ள கார் ஆலைகளும் உற்பத்தியை நிறுத்தின.

நம்பிக்கை தரும் ஒன்றும் இங்கேயே இருக்கிறது. 2019இல், வறட்சியால் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த அதே ஆண்டில், கோயம்பேட்டில் கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரிக்கும் நிலையம் தொடங்கியது. திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக இந்தத் தொழிற்பேட்டைகளுக்குத்தான் வருகிறது. ஆலைகள் அதைக் காசு கொடுத்து வாங்குகின்றன. கூவம் ஆற்றில் கலந்திருக்கக்கூடிய கழிவுநீருக்கு ஒரு விலையும் ஒரு வாடிக்கையாளரும் கிடைத்தவுடன், அந்த அளவுக்கு நன்னீர் மிஞ்சுகிறது.

இதை ஏன் ஏரிக்கும் செய்யக் கூடாது? ஆலைகள் சமூகப் பொறுப்பு நிதியில் ஏரியைத் தூர்வாரிக் கல்வெட்டு வைக்கின்றன. நல்ல காரியம், ஆனால் அது தானம். கொடுப்பவர் நினைத்தால் நின்றுவிடும். நான் கேட்பது கட்டணம். நிலத்தடி நீர் ஊறுவதால் பயன்பெறும் ஆலையும், வெள்ளம் தணிவதால் பயன்பெறும் சென்னை மாநகரும் இந்த ஏரிகளின் புதிய ஆயக்கட்டுதாரர்கள். அவர்கள் ஆண்டுதோறும் செலுத்தட்டும். அந்தப் பணத்தை நிர்வகிக்கும் வாரியத்தில் மாடு மேய்ப்பவருக்கும் மீன் பிடிப்பவருக்கும் நிலமற்றவருக்கும் ஓட்டு இருக்கட்டும். ஏரிப்படுகை மட்டும் எந்த விலைக்கும் விற்பனைக்கு இல்லை என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

முதல் அமர்வில் கட்டுரை படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலகம் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம், பிள்ளைப்பாக்கம் ஏரி ஒன்றை எடுங்கள். அதனால் பயன் பெறுவோர் யார், ஒவ்வொருவரும் எவ்வளவு செலுத்துவது நியாயம், நீர்க்கட்டிக்குச் சம்பளம் யார் கையிலிருந்து எந்த மாதத்தில் வரும் என்று எழுதுங்கள். மாலைக்குள் அந்தக் கணக்கு நம் மேசைக்கு வரட்டும். அதை வைத்துக்கொண்டுதான் நாளைய அமர்வில் வாதாட விரும்புகிறேன்.