லேப்டாப் வாங்கப் போறீங்களா?

1690லேர்ந்து 1698 வரைக்கும் முகலாயப் படை முற்றுகை போட்டும் செஞ்சிக் கோட்டை தாக்குப்பிடிச்சுது. மதில் மட்டும் காரணமில்லை. உள்ளே தானியக் களஞ்சியமும் சுனையும் இருந்துது. இன்ஜினீயரிங் சேரும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கறவங்களும் உள்ளே என்ன இருக்குன்னுதான் பார்க்கணும்.

16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி இருந்தா நாலு வருஷத்துக்குக் கவலையில்லை. 8 ஜிபிதான் கட்டுப்படியாகும்னா, பின்னாடி கூட்டிக்க இடமிருக்கான்னு கேளுங்க. சிலதுல ரேமை போர்டோட பற்றவைச்சிருப்பாங்க.

சிவில், மெக்கானிக்கல் பிள்ளைங்க முப்பரிமாண வரைபடம் போடுவாங்க. தனி கிராஃபிக்ஸ் கார்டு உதவும். அதுக்கான சாலிட்வொர்க்ஸ் மென்பொருளுக்கு விண்டோஸ் வேணும். பைதான் புரோகிராம் எழுதப் பழகற பிள்ளைக்கு அந்தக் கார்டு கட்டாயமில்லை. "புராஜெக்டுக்குக் கேமிங் லேப்டாப்தான் வேணும்"னு மகன் சொன்னா, எந்தப் புராஜெக்ட்னு ஒரு தடவை கேட்டுடுங்க!

செஞ்சியிலேர்ந்து திண்டிவனம், விழுப்புரம்னு தினமும் பஸ்ஸுல போற பிள்ளைக்கு எடையும் முக்கியம். ஒன்றரைக் கிலோ சுலபம். கேமிங் லேப்டாப் பெரும்பாலும் ரெண்டு கிலோவைத் தாண்டும். சர்வீஸ் சென்டர் பக்கத்துல எங்கேன்னும் விசாரிச்சுக்குங்க.

அவசரமும் வேண்டாம். காலேஜ் திறந்ததும் துறையில கேட்டுட்டு வாங்கலாம். அதுவரைக்கும் கணக்குக்கும் இயற்பியலுக்கும் நோட்டும் பேனாவும் போதும்!