பர்மிட் நம் கையில். சுமை யார் கையில்?

தோழர்களே! சிவகாசியில் சொந்த லாரி வைத்திருப்போர் முன் இரு வழிகள் உள்ளன. தேசிய பர்மிட்டைத் தம் பெயரில் எடுத்துத் தாமே சுமை தேடுவது ஒன்று. புக்கிங் கம்பெனியில் வண்டியை இணைத்து, அது அளந்து கொடுக்கும் வாடகையைப் பெறுவது மற்றொன்று.

முன்னதில் உரிமை உண்டு, சுமை உறுதியில்லை. பின்னதில் சுமை உண்டு, விலை பேசும் உரிமை இல்லை. பட்டாசுச் சுமை தீபாவளியோடு ஓயும். கடன் தவணைக்கு ஓய்வேது? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்தது. தவணைக்கு விதித்தவர் யார்?

பர்மிட், வண்டி ஓட்டுவதற்கான இசைவு மட்டுமே. பலர் சரக்கையும் ரசீது கொடுத்து ஏற்று அனுப்பும் தொழிலுக்கு, 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். புக்கிங் கம்பெனியின் பலம் அப்பதிவே. சரக்கு அழிந்தால் ஈடு செய்யும் பொறுப்பும் அதனோடு வரும். தனியொருவர் அதைத் தாங்குவது அரிது. பத்துப் பேர் சேர்ந்தால் தாங்கலாம். பலர் கூடிய அமைப்பும் பதிவு பெற அச்சட்டம் இடம் தருகிறது. பட்டாசு ஓய்ந்த மாதங்களில் தீப்பெட்டியும், விருதுநகர் மண்டிச் சரக்கும் அவ்வமைப்புக்குச் சுமையாகும்.

ஆகவே, இணைவதா தனித்து நிற்பதா என்று மயங்காதீர். யாரோடு இணைவது என்று கேளுங்கள். கம்பெனியோடு இணைந்தால் வண்டி மட்டுமே உங்களுடையது. சக உரிமையாளரோடு இணைந்தால் ரசீதுப் புத்தகமும் உங்களுடையது!